ஏழு கிலோவும் ஒரு சக்கரக் கதிரையும்

எனக்கு எயார்போட்டிலை வேலை எண்டு சொன்னால் எங்கடை சனம் கேக்கிற முதல் கேள்வி, "அப்ப உமக்கு டிக்கெட் மலிவா வருமோ?" வராது. நான் பிளேன் ஓட்டுறதும் இல்லை, டிக்கெட் விக்கிறதும் இல்லை. சக்கரக் கதிரை தள்ளுறன். வாசலிலை இருந்து பிளேன் கதவு மட்டும், பிளேன் கதவிலை இருந்து வாசல் மட்டும். பதினேழு வருசமா இதுதான் சீவியம். ரொறன்ரோவிலை இருந்து எத்தினையோ ஊருக்கு ஆக்களைக் கொண்டுபோய்க் கதவடியிலை விட்டிருக்கிறன். கதவுக்கு அங்காலை நான் போனது குறைவு.

கதிரையிலை ஏறுற எல்லாருக்கும் கால் ஏலாதெண்டு நினைச்சுப்போடாதேங்கோ. எங்கடை அம்மாமாரிலை கனபேர் என்னைவிடக் கெதியா நடப்பினம். பிள்ளையள்தான் கதிரைக்குச் சொல்லிவிடுறது. அம்மாவுக்கு இங்கிலிஷ் வராது, கேற் மாறினால் விளங்காது, அங்காலை இறங்கினால் எந்தப் பக்கம் போறதெண்டு தெரியாது. கதிரை எண்டு சொல்லிவிட்டால், பேர் எழுதின கடதாசியோடை ஒரு ஆள் வந்து நிக்கும். ஒரு கையாலை குடுத்து மற்றக் கையாலை வாங்கினமாதிரி அம்மா போய்ச் சேர்ந்திடுவா. அதுக்குத் தனிக் காசும் இல்லை. போன வருசம் ஒரு அன்ரி, நான் லிஃப்ற் பட்டனை அமத்திப்போட்டுத் திரும்புறதுக்கிடையிலை கதிரையை விட்டெழும்பி ஓடிப்போய், சென்ற் விக்கிற கடையிலை ரெண்டு கைக்கும் அடிச்சுக்கொண்டு நிக்கிறா. திரும்பி வந்து, "பிள்ளை, நீர் நல்லாக் களைச்சுப்போனீர். இதிலை கொஞ்சம் இரும், நான் தள்ளுறன்" எண்டு வேறை சொல்லுறா.

நான் வெளிநாடே பாக்காதவள் எண்டில்லை. லண்டனுக்கு ரெண்டு தரம் போயிருக்கிறன். பாத்தது பெரியம்மாவின்ரை மகளின்ரை குசினி. பாரிசுக்குப் போனன். அந்தக் கோபுரத்தை ஓடுற காருக்குள்ளை இருந்து பாத்தன், இறங்கினால் பார்க்கிங் காசு எண்டிட்டினம். சுவிசிலை ஐஞ்சு நாள் நிண்டு ஒன்பது வீட்டிலை சாப்பிட்டன், ஒரு மலைக்குக் கிட்டவும் போகேல்லை. போகேக்கையும் சூட்கேஸ் முழுக்க மற்றவையின்ரை சாமான், வரேக்கையும் மற்றவையின்ரை சாமான். நான் சும்மா ஒரு லொறி மாதிரிப் போய் வந்தனான்.

என்ரை மகளின்ரை அப்பாவும் நானும் பிரிஞ்சு ஒன்பது வருசம். அவர் மிசிசாகாவிலை சுகமா இருக்கிறார், நான் ஸ்காபரோவிலை அதைவிடச் சுகமா இருக்கிறன். மகள் வேலை கிடைச்சு ஒட்டாவாவுக்குப் போயிட்டாள். எனக்கு வயது ஐம்பத்துமூண்டு. ஒருநாள் வேலையிலை வெறுங்கதிரையோடை திரும்பி வரேக்கை நினைச்சன், பத்து நாள் தனியப் போகோணும். சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு. என்னைக் கூட்டிக்கொண்டு போக ஒரு குருவியும் வந்து நிக்கக்கூடாது. "போதும், போதும், இனி வைக்காதேங்கோ" எண்டு ஒருத்தற்றை மேசையிலையும் நான் கெஞ்சக்கூடாது. பசிச்சால் சாப்பிடோணும், பசிக்காட்டில் சும்மா இருக்கோணும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சொந்தக்காரர் இல்லாத ஊரைத் தேடிப்பாருங்கோ, அப்ப தெரியும். கொப்பியிலை எழுதி எழுதி வெட்டினன். நோர்வேயிலை சித்தியின்ரை ஆக்கள். டென்மார்க்கிலை என்னோடை படிச்சவள், போகாட்டில் சாகுமட்டும் கோவிப்பாள். இத்தாலியிலை அண்ணியின்ரை தங்கச்சி. ஐஸ்லாந்து எண்டு ஒருநாள் பகிடியாச் சொன்னன். நான் தள்ளிக்கொண்டு போன அங்கிள் கதிரையிலை இருந்தபடி திரும்பி, "அங்கை என்ரை மருமகன்ரை தம்பி நிக்கிறான், நம்பர் தரட்டோ?" எண்டார். கடைசியிலை போர்த்துக்கல் மிஞ்சிச்சு. லிஸ்பன். அந்த ஆக்கள் ஒருகாலத்திலை ஒருத்தரையும் கேளாமல் யாழ்ப்பாணத்துக்கு வந்து கோட்டையும் கட்டிக்கொண்டு நிண்டவை. நான் கேட்டு, காசு குடுத்து, பத்தே பத்து நாள்தானே நிக்கப்போறன்.

மகளுக்குச் சொன்னன். மூண்டு வருசத்துக்கு முன்னம் அவள் தனியத் தாய்லாந்து போகேக்கை நான் செய்த கூத்து அவளுக்கு மறக்கேல்லை. அவள் நிண்ட விடுதிக்கு நான் நாலு தரம் போன் அடிச்சனான். நாலாந்தரம் எடுத்தவன் என்னை "அம்மா" எண்டு கூப்பிட்டான். தாய்லாந்து எண்டவுடனை நான் ஏன் அப்பிடிப் பதறினனான் எண்டது வேறை கதை, கொஞ்சத்தாலை வரும். இப்ப அவளுக்கு நல்ல சந்தர்ப்பம். போன் திரையிலை நெத்தியைச் சுருக்கிக்கொண்டு சொல்லுறாள், "அம்மா, லிசின். காசை ரெண்டு இடத்திலை வையுங்கோ. பாஸ்போட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. பகலிலை லாண்ட் பண்ணுற பிளைட் மட்டும்தான். இன்சூரன்ஸ், திஸ் இஸ் நொட் நெகோஷியபிள். டாக்சிக்காரனுக்குத் தனிய வந்தனான் எண்டு சொல்லாதேங்கோ. அண்ட் ஒரு வெடிங் ரிங் போடுங்கோ, இட்ஸ் சேஃபர்."

ஒன்பது வருசத்துக்கு முன்னம் கழட்டினதைப் பாதுகாப்புக்கெண்டு திரும்பப் போடட்டாம். போட்டிருந்த காலத்திலை அது என்னத்தைப் பாதுகாத்தது எண்டு கேட்டன். "ஃபெயர் பொயின்ற்" எண்டு சொல்லி அதை மட்டும் வெட்டிவிட்டாள். மற்றது எல்லாம் நிண்டுது. கடைசியா ஒண்டு சொன்னாள், "பிளான் முழுக்கப் பிரிண்ட் பண்ணி ரொறன்ரோவிலை ஒரு ஆளிட்டைக் குடுங்கோ. பிளைட், புக்கிங் நம்பர், எல்லாம். ஜஸ்ற் வன் பேர்சன்."

மலிவு பாக்கிறதிலை நான் ஆருக்கும் குறைஞ்சவள் இல்லை. குளிர் துடங்குற மாசத்திலை போனால் டிக்கெட் இறங்கும். கைப்பாக் மட்டும் எண்டால் இன்னும் இறங்கும், ஏழு கிலோ. விடுதியிலை நாலு பொம்பிளையள் படுக்கிற அறை, குசினி பாவிக்கலாம். மேல்கட்டில் கொஞ்சம் மலிவுதான். என்ரை முழங்காலிட்டைக் கேட்டன், அது மாட்டன் எண்டிட்டுது. கீழ்க்கட்டில் எடுத்தன். அந்த விடுதியைப் பற்றிச் சனம் எழுதினது ஒண்டும் விடாமல் வாசிச்சன். அறை நாறுது எண்டு ஒருத்தி எழுதியிருந்தாள். கீழை பாத்தால் அது பக்கத்துக் கட்டில்காரியின்ரை சப்பாத்தாம். அதுக்கு விடுதிக்காரர் என்ன செய்யிறது, பாவங்கள்.

பத்து நாள் லீவு கேட்ட கையோடை கதை பரவிச்சு. ஒஷாவாவிலை இருக்கிற அன்ரி, அம்மாவின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி, கார் பிடிச்சு என்ரை அப்பார்ட்மெண்டுக்கு வந்திட்டா. கையிலை ரெண்டு கிலோ மிளகாய்த்தூள். வறுத்துத் திரிச்ச மணம் லிஃப்ற் முழுக்க.

"மகன் லண்டனிலை நிக்கிறான் எல்லோ பிள்ளை. லிஸ்பனிலை இருந்து லண்டன் கிட்டத்தானே."

"அன்ரி, அது வேறை நாடு. இடையிலை கடல் கிடக்கு."

"கடல் எங்கைதான் இல்லை? போஸ்ற்றிலை போட்டுவிடன்."

"எனக்கு மொத்தமே ஏழு கிலோ அன்ரி."

அன்ரி என்ரை பாக்கைத் திறந்து பாத்தா. மேலை இருந்த ரெண்டு சுவெற்றரைத் தூக்கிப் பாத்தா. "உந்த உடுப்பிலை ரெண்டு கிலோ குறைச்சால் சரி" எண்டா. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, மிளகாய்த்தூளையும் அன்ரியையும் ஒண்டாக் கொண்டுபோய்க் காரிலை ஏத்திவிட்டன். மனம் கேளாமல் ஒரு சின்னப் போத்தல் எடுத்து வைச்சனான், எனக்கு.

பிறகுதான் அண்ணை. எனக்கு ஒரே ஒரு அண்ணை, என்னைவிட எட்டு வயது மூப்பு, ரொறன்ரோவுக்கு வடக்கை மார்க்கம் எண்ட இடத்திலை வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச்சொன்னார். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் எண்டவுடனையே எனக்கு விளங்கிச்சு, இது சாப்பாடு இல்லை, விசாரணை எண்டு.

"கண்டறியாத லிஸ்பன்" எண்டு துடங்கினார். "ஆற்றையும் வீடு இல்லாமல், ஒரு பொம்பிளை தனிய, மொழி தெரியாத நாட்டிலை. விசரே உனக்கு? ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

முதல் தரம் சிரிச்சுச் சமாளிச்சன். ரெண்டாந்தரமும் "பொம்பிளை தனிய" எண்டார். மூண்டாந்தரம் எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. கோவம் வந்தால் எனக்கு வாய் நிக்காது, அது ஊரறிஞ்ச விசயம்.

"அண்ணை, பத்தொன்பது வயதிலை என்னை ஆரோடை அனுப்பினனீங்கள்? முகம் தெரியாத ஒரு ஏஜென்சிக்காரனோடை. அப்ப நான் பொம்பிளை இல்லையோ? அப்ப ஆர் கேட்டது சேஃபோ எண்டு?"

அண்ணி கரண்டியை வைச்சா. நான் விடேல்லை. முப்பது வருசத்துக்கு மேலை நான் அண்ணைக்குச் சொல்லாத கதையை அந்தப் புட்டுக்கு முன்னாலை சொன்னன். கனடாவுக்கு வாற வழியிலை பாங்கொக்கிலை என்னை இறக்கிவிட்டவன், "வெளியிலை நீலச் சேட்டுப் போட்ட ஒரு ஆள் நிக்கும், அவரோடை போ, வேறை ஒருத்தரோடையும் வாய் திறக்காதை" எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். வெளியிலை வந்தால் ஒருத்தரும் இல்லை. ஒரு வாங்கிலை இருந்தன். காலமை துடங்கிப் பொழுதுபடுமட்டும் அந்த வாசலாலை போன ஒவ்வொரு சேட்டையும் பாத்தன். எத்தினை நீலச் சேட்டு! ஒவ்வொண்டுக்கும் எழும்பி எழும்பி இருந்தன். நிலம் துடைக்கிற ஒரு பொம்பிளை ரெண்டு தரம் தண்ணி கொண்டுவந்து தந்தா. கடைசியிலை வந்து என்ரை பேரைச் சொன்னவன் போட்டிருந்தது மண்ணிறச் சேட்டு. குறுக்கால போவான், அதைக்கூட ஒழுங்காச் செய்யேல்லை.

அண்ணை என்னைப் பாக்கேல்லை. என்னைக் களவாக் கனடாவுக்குக் கொண்டுவர அந்த ஏஜென்சி கேட்ட காசைக் கட்டுறதுக்கு அவர் இஞ்சை ரெண்டு வருசம் பகலிலை கோப்பை கழுவி, பின்னேரம் தொழிற்சாலையிலை பெட்டி அடுக்கினவர். அது எனக்குத் தெரியாததில்லை. தெரிஞ்சுகொண்டுதான் கத்தினனான். சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குள்ளை போய், ஒரு கோப்பையைக் கனநேரமாக் கழுவிக்கொண்டு நிண்டார். எனக்கு இறைச்சி இறங்கேல்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கிற பழக்கமும் எனக்கில்லை. சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்திட்டன்.

ஒரு கிழமைக்குப் பிறகு அண்ணை தானாக என்ரை வீட்டுக்கு வந்தார். கையிலை சூட்கேஸ் நிறுக்கிற சின்னத் தராசு. நேராப் போய் என்ரை பாக்கைக் கொழுவித் தூக்கினார்.

"ஏழு நானூறு. பிடிப்பான்."

"சுவெற்றர் ஒண்டைப் போட்டுக்கொண்டு போறன்."

"அந்தப் போத்தல் என்ன?"

"மிளகாய்த்தூள்."

"அது இருக்கட்டும்" எண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிளான் ஒரு ஆளிட்டைக் குடுக்கோணும் எண்டு உன்ரை மகள் சொன்னவளாம். அதை என்னட்டைத் தாவன்" எண்டார்.

எனக்கு ஒரு மாதிரிப் போயிட்டுது. பிரிண்ட் பண்ணி வைச்சிருந்ததை எடுத்துக் குடுத்தன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியா வாசிச்சார். "எத்தினை மணிக்கு இறங்குவாய்?" எண்டார். காலமை பத்துக்கு எண்டன். "அங்கத்தைப் பத்தோ இஞ்சத்தைப் பத்தோ?" எண்டு கேட்டு, அதையும் பேனையாலை ஓரத்திலை எழுதினார். எயார்போட்டுக்கு ஏத்திக்கொண்டு போகட்டோ எண்டார். வேண்டாம் அண்ணை, நான் ஒவ்வொருநாளும் போற பஸ்தானே எண்டன். அதுக்கும் தலையாட்டினார். அண்ணை திருந்திட்டார் எண்டு நினைச்ச என்னை என்ன செய்யலாம், சொல்லுங்கோ.

போற நாள் பின்னேரம், வேலைக்குப் போற அதே பஸ்சிலை, அதே சீற்றிலை போனன். யூனிஃபோம் இல்லாமல் அந்தக் கதவாலை உள்ளுக்குப் போகேக்கை சிரிப்புச் சிரிப்பா வந்திச்சு. செக்-இன் மேசையடியிலை என்னோடை பத்து வருசமா வேலை செய்யிற பிலிப்பினோக்காரி ஒரு வெறுங்கதிரையோடை நிண்டாள். கையிலை கடதாசி. என்னைக் கண்டவுடனை அதை நெஞ்சுக்கு நேரை உயத்திப் பிடிச்சாள்.

என்ரை பேர்.

வழியனுப்பத்தான் பகிடி விடுறாள் எண்டு நினைச்சன். அவளாலை கதைக்கவும் ஏலேல்லை, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி. பிறகு லிஸ்றைக் காட்டினாள். உண்மையாகவே இருந்திச்சு. என்ரை பேர், பிளைட் நம்பர், சக்கரக் கதிரை, பக்கத்திலை ஒரு குறிப்பு: பயணி நடப்பார், ஆனால் தனிய விடவேண்டாம், வாசல் மட்டும் ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போகவேண்டும். நாலு நாளைக்கு முன்னம் வீட்டுக்காரர் ஆரோ போன் பண்ணிச் சொன்னதாம்.

வீட்டுக்காரர் ஆரோ! புக்கிங் நம்பர் ஆரிட்டை இருந்திச்சு?

அண்ணைக்கு அடிச்சன். எடுக்கேல்லை. திரும்ப அடிச்சன். எடுக்கேல்லை. எடுப்பாரோ! அதுக்கிடையிலை என்னோடை வேலை செய்யிற மற்ற ஆக்களும் வந்திட்டினம். ஒருத்தன் கையைத் தட்டுறான், ஒருத்தி படம் எடுக்கிறாள். "மெடம், காலைத் தூக்கி வையுங்கோ" எண்டு, நான் பதினேழு வருசமா மற்றவைக்குச் சொல்லுற வசனத்தை எனக்கே சொல்லுறாங்கள். நான் ஏறேல்லை. செத்தாலும் ஏறமாட்டன் எண்டு நடந்தன். பிலிப்பினோக்காரி வெறுங்கதிரையைத் தள்ளிக்கொண்டு எனக்குப் பின்னாலை கேற் மட்டும் வந்தாள். "லிஸ்பனிலையும் ஒண்டு இருக்கு, எடுத்துவிடச் சொல்லட்டோ?" எண்டு கேட்டாள். "எடு, உடனை எடு" எண்டன்.

ஏழு மணித்தியாலப் பறப்பு. நான் ஒரு படமும் பாக்கேல்லை. அண்ணைக்குச் சொல்லப்போறதை மனதுக்குள்ளை வசனம் வசனமாச் சோடிச்சன். நான் என்ன நடக்கமாட்டாத கிழவியோ? வாழ்க்கையிலை ஒருக்கா, ஒரே ஒருக்கா, ஒருத்தரும் வந்து நிக்காத இடத்துக்குப் போகோணும் எண்டு கேட்டன், அதையும் கெடுத்துப்போட்டியளே. எங்கடை அம்மாவைக் கூட அதுக்குள்ளை ரெண்டு இடத்திலை இழுத்தன். இறங்கிற நேரம் எல்லாம் பாடமாயிருந்திச்சு.

லிஸ்பனிலை பிளேன் கதவைத் திறந்திச்சினம். வெயில், நல்ல வெயில். ஒவ்வொருத்தரா இறங்கினம். பிளேன் கதவோடை ஒட்டின கண்ணாடிப் பாலத்திலை கால் வைச்சன்.

கதிரை நிண்டுது.

எடுத்துவிடேல்லை. மறந்தாளோ, வேணுமெண்டு செய்தாளோ, அவளுக்குத்தான் வெளிச்சம். கதிரைக்குப் பின்னாலை என்ரை வயதிலை ஒரு பொம்பிளை, பளிச்செண்ட ஒரேஞ்ச், தோடம்பழ நிற ஜாக்கெட், ஒரு கையிலை என்ரை பேர் எழுதின கடதாசி, மற்றக் கையாலை நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. கதிரை தள்ளித் தள்ளி இடுப்பிலை வாற அந்த நாரி நோ எனக்குத் தெரியும். அவவுக்கு ஒரு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சைகை செய்துபோட்டு, மகள் போட்டுத்தந்த சிம்மிலை அண்ணைக்கு அடிச்சன். ரொறன்ரோவிலை விடியப்புறம் ஐஞ்சு மணி. நித்திரையாலை எழுப்பிப் பேசினால்தான் எனக்கு ஆறும்.

முதல் மணி முடியமுன்னம் எடுத்தார். ஹலோ எண்டுகூடச் சொல்லேல்லை.

"பிள்ளை, ஆள் நிக்குதோ?"

ஏழு மணித்தியாலம் சோடிச்ச வசனம். எல்லாத்தையும் விட்டிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னன்.

"ஓம் அண்ணை. நிக்குது."

"பேர் எழுதின கடதாசியோடையோ?"

"ஓம்."

பிறகு மெல்லக் கேட்டார்.

"என்ன நிறச் சேட்டு?"

நான் அந்தப் பொம்பிளையைப் பாத்தன். தோடம்பழ நிற ஜாக்கெட் வெயிலிலை கண்ணைக் குத்துது. எனக்குக் கண் கலங்கி அதுவும் வடிவாத் தெரியேல்லை.

"நீலம், அண்ணை" எண்டன்.

"ஆ. சரி" எண்டார். "அப்ப போ. போய் வடிவாச் சுத்திப் பார். நான் இனிப் படுக்கப்போறன்." போனை வைச்சிட்டார்.

நான் முகத்தைத் துடைச்சுக்கொண்டு போனன். அந்தப் பொம்பிளை கதிரையைக் காட்டி, இருங்கோ எண்டா. ஏழு கிலோப் பாக்கைத் தூக்கிக் கதிரையிலை வைச்சன். ஒரு பிடியை அவ பிடிச்சா, மற்றப் பிடியை நான் பிடிச்சன். ரெண்டு பேருமாத் தள்ளிக்கொண்டு வாசல் மட்டும் போனம்.